டெய்லர் அக்காவின் பத்துக் கிலோ

அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால் டெய்லர் அக்காவுக்குப் பிடிக்காது. டேப்பை இடுப்பைச் சுற்றிப் போட்டுவிட்டு, ஒன்றும் எழுதாமல், சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்தபடி நிற்பார். எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியும்? நாம் தோற்றுப்போய் மூச்சை விட்டதும் டேப் அவர் விரல்களுக்கிடையில் நழுவி ஒன்றரை இன்ச் கூடும். "இப்பதான் சரி" என்று நோட்டில் எழுதிக்கொள்வார். "ரவிக்கையப் போட்டுக்கிட்டு நீ மூச்சு விடணுமா வேணாமா?"

அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதிப் பக்கம் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாரும் வழி காட்ட மாட்டார்கள். டெய்லர் அக்கா என்றால் ஆட்டோக்காரர் கேட்காமலேயே வண்டியைத் திருப்புவார். நான் ஆறு வருஷம் அவர் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். டவுனில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து வந்து இறங்கினால், மாடிப்படி ஏறுமுன் அவர் கடையிலிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் அரைமணி நேரம் உட்காராமல் போனதில்லை.

அக்கா நல்ல பருமன். அதைச் சுற்றி வளைத்துப் பேசினால் அவருக்கே பிடிக்காது. "ரவிக்கைக்கு ஊருக்கெல்லாம் எம்பது சென்டி துணி. எனக்கு ஒண்ணே கால் மீட்டர். துணிக்கடைக்காரன் நல்லா இருக்கட்டும்" என்பார். அடுத்தவர் தோளுக்குக் கால் இன்ச் கூடினாலும் தையலைப் பிரித்துவிட்டு மறுபடி தைப்பவர், தன் தட்டு விஷயத்தில் மட்டும் தாராளமாக வெட்டுவார். அதற்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. சில சாப்பாடு கணக்கில் சேர்த்தி, சில சாப்பாடு சேர்த்தி இல்லை.

தன் வீட்டில் தட்டு வைத்து, உட்கார்ந்து, தானே பரிமாறிச் சாப்பிட்டால் அது சேர்த்தி. மற்றதெல்லாம் சேர்த்தி இல்லை. நின்றுகொண்டு சாப்பிட்டது சேர்த்தி இல்லை. உடைந்த முறுக்கு சேர்த்தி இல்லை. என் மதிய டப்பாவில் மிச்சமிருந்த எலுமிச்சைச் சாதம், "கெட்டுப் போயிடும்னு சாப்பிட்டேன்" என்பதால், சேர்த்தி இல்லை. பெருமாள் பிரசாதம் என்று ஒருவர் கையில் கொடுத்ததை எடைக் கணக்கில் சேர்ப்பது மகா பாவம். சேர்த்தியான சாப்பாட்டை மட்டும் பார்த்தால் அவர் குருவி மாதிரிதான் சாப்பிட்டார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. லேடீஸ் டெய்லரின் வருஷம் எப்படிப்பட்டது என்று யாராவது யோசித்ததுண்டா? எந்த மதத்துக்குப் பண்டிகை வந்தாலும் முந்தைய வாரம் அவருக்குத் தூக்கமில்லை, பிந்தைய நாள் அவர் கடைக்குச் சாப்பாடு வரும். ரம்ஜானுக்குப் பெரிய கடைவீதி வாடிக்கை வீட்டிலிருந்து மூன்றடுக்கு டிபன் கேரியரில் பிரியாணி. கிறிஸ்துமஸுக்கு மேலப்புதூர் டீச்சர் ஒருவர் கேக்கும் அச்சுமுறுக்கும் கொண்டுவருவார். தீபாவளிக்குக் கேட்கவே வேண்டாம். பக்கத்து வீதி மாமி ஒருவர், எந்த உற்சவம் ஆனாலும் புளியோதரைப் பொட்டலத்தோடு வந்து நிற்பார்.

"மாமி, நான் வெயிட்டக் குறைக்கணும்னு இருக்கேன்" என்று அக்கா ஒப்புக்கு ஒரு முறை சொல்வார்.

"பிரசாதம்டீம்மா. வேண்டாம்னு சொல்லப்படாது. கையை நீட்டு."

அக்கா கையை நீட்டுவார். ரொம்ப வற்புறுத்த வேண்டியிருந்ததாக எனக்கு நினைவில்லை.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்த காலம் ஒரு தீபாவளியோடு முடிந்தது. அக்காவுக்கு ஒரே தம்பி. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது, ஒரு சின்னப் பெண் குழந்தை. இரண்டு சிறுநீரகமும் போய், ஒரு வருஷமாக வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அக்கா கடையைப் பூட்டிவிட்டு, ஹெம்மிங் செய்ய வேண்டிய துணியைப் பையில் போட்டுக்கொண்டு, கன்டோன்மென்ட் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே உட்கார்ந்திருப்பார். வீட்டில் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால்தான் வழி என்றார்கள். தம்பி மனைவியின் இரத்தம் பொருந்தவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. அக்காவுக்குப் பொருந்தியது.

அதைச் சொன்ன அன்று அக்கா எனக்குக் காபி வரவழைத்துக் கொடுத்தார். ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி முகம்.

"எல்லாம் பொருந்துதாம். ஒண்ணே ஒண்ணுதான். நான் எம்பத்தி ரெண்டு கிலோ இருக்கேனாம். எழுபத்தி ரெண்டுக்கு வந்தாதான் ஆபரேஷன் பண்ணுவாங்களாம்."

"எத்தனை நாளைக்குள்ள?"

"நாள் சொல்லல. சீக்கிரம் வாங்கன்னாரு டாக்டர்." கொஞ்ச நேரம் ஒரு கொக்கியைத் துணியில் வைத்துத் தைத்தார். "அவன் கையப் பாத்தேன், ஊசி குத்திக் குத்தி இடமே இல்ல. சீக்கிரம்னா எவ்வளவு சீக்கிரம்னு எனக்கே தெரியும்."

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஒரு பெண் இரண்டு பக்கத்துக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார். காலையில் இது, பதினொரு மணிக்கு இது, தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, பருப்போ சுண்டலோ மீதி, தினம் நடை. அக்கா அதை என்னிடம் படித்துக் காட்டச் சொன்னார். கேட்டு முடித்ததும் முகம் சுருங்கியது.

"இப்படிச் சாப்பிட்டா மாசத்துக்கு எவ்வளவு கொறையும்னு கேட்டேன். ரெண்டு கிலோ கொறஞ்சா நல்லதுங்கறாங்க. அப்ப பத்துக் கிலோவுக்கு அஞ்சு மாசம். அஞ்சு மாசம் அவன் ஊசி குத்திக்கிட்டே கெடக்கணுமா?"

இங்கேதான் நான் வருகிறேன். இனிமேல் வருவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

என் கைப்பையில் ஒரு பச்சை டப்பா இருந்தது. மேலே ஒரு இலைப் படம். எடை குறைக்கும் மூலிகை மாத்திரை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் விற்றது. சித்தி பெண் கல்யாணத்துக்குள் பழைய சுடிதார் ஒன்றுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அந்தச் சுடிதாரைப் பிரித்துவிட அக்காவிடம் கொடுத்திருந்தால் அரைமணி நேர வேலை. மானம் போகிறதே என்று மாத்திரை வாங்கினேன். அதை எடுத்துத் தண்ணீரோடு போட்டுக்கொண்டதை அக்கா பார்த்துவிட்டார்.

"என்னம்மா அது?"

"மூலிகைதான்க்கா. பசிக்காதாம். சைடு எஃபெக்ட் கிடையாதாம்."

என் வாயால்தான் சொன்னேன். டப்பாவின் மேல் எழுதியிருந்ததை, ஏதோ நானே ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த மாதிரி சொன்னேன். மறுநாள் அக்காவுக்கும் ஒரு டப்பா வாங்கிவந்தேன்.

உணவுத் தாள் என்ன ஆயிற்று என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நல்ல கெட்டித் தாளாக இருந்ததால் அக்கா அதை ரவிக்கையின் பஃப் கைக்கு அளவு மாதிரியாக வெட்டிவிட்டார். அவர் எப்போதும் பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று எது கிடைத்தாலும் இப்படி அளவு மாதிரியாக வெட்டி ஆணியில் மாட்டிவைப்பார். அந்த வரிசையில் 'ஒரு கப் கீரை' என்ற எழுத்து தலைகீழாகத் தொங்கியது.

முதல் வாரத்திலேயே அக்காவுக்கு எடை குறைந்தது. எடை மெஷினில் ஏறுவது அவருக்குப் பிடிக்காது, டேப்பைத்தான் நம்புவார். தன் இடுப்பைத் தானே அளந்து, "ஒரு இன்ச் போயிடுச்சு பாரு!" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். மூன்றாவது வாரம் மருந்துக்கடை மெஷினில் நான் வலுக்கட்டாயமாக ஏற்றியபோது எழுபத்தேழு காட்டியது. ஐந்து கிலோ! அக்கா மெஷினிலிருந்து இறங்கி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவருக்குப் பசிக்கவில்லை என்பது உண்மை. உண்மையில் அவருக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை. நாக்கு வறண்டது. நான் உட்கார்ந்திருக்கும் அரைமணிக்குள்ளேயே எத்தனை முறை பின்கட்டுக் கழிப்பறைக்கு ஓடினார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கடையை அந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டேன். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றார். மார்கழி ஆரம்பத்தில் மாமி ஒரு ரவிக்கையைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"ஏண்டீம்மா, ஒரு கை இறுக்கிப் பிடிக்கறது, இன்னொரு கை தொளதொளன்னு இருக்கு. நீ தைச்சதுதானா இது?"

அக்கா ரவிக்கையை வாங்கிப் பார்த்தார். தையல் கோடு நெளிந்திருந்தது. அவர் கடையில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே கிடையாது. அவர் ஊசியில் நூல் கோர்க்கும்போது விரல் நடுங்கியதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நான் பத்தாவது நாளே மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தேன். கவுன்டரில் ஆள் நிற்க நிற்க நான் எழுந்து ஓட வேண்டியிருந்தது, இரவில் நெஞ்சு அடித்துக்கொண்டது, பயந்துபோய் டப்பாவைக் குப்பையில் போட்டேன். அதை அக்காவிடம் சொல்லவில்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாக இன்ச் இன்ச்சாகக் குறைந்துகொண்டிருக்கும்போது, என்னால் முடியவில்லை என்று சொல்ல ஒரு மாதிரி இருந்தது. எனக்குத்தான் உடம்பு சரியில்லை, மாத்திரை சரியாகத்தான் இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையும் இருந்தது. ஐந்து கிலோ இல்லையா!

வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் ஓய்ந்த வாரம், மறுபடி இரத்தப் பரிசோதனை. அக்காவின் கணவருக்குக் கைலாசபுரத்தில் தொழிற்சாலை ஷிப்ட் வேலை, லீவு கிடைக்கவில்லை. நான் துணைக்குப் போனேன். ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். சர்க்கரை உண்டா, பிபி உண்டா.

"வேற மாத்திரை, மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?"

"இல்லைங்க" என்றார் அக்கா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பொய் சொல்லும் முகமே இல்லை. மூலிகை எப்படி மருந்தில் சேர்த்தியாகும்? நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு? போன தடவை உங்க கிட்னி நல்லா இருந்துச்சு. இப்ப உங்களுக்கே சரியா வேலை செய்யல. இந்த நிலைமையில உங்ககிட்டேருந்து எடுக்க முடியாது."

அக்கா மடியிலிருந்த பையின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார். அந்தக் கதவுக்கு வெளியே, நான்காவது கட்டிலில், தம்பி படுத்திருந்தான். "டாக்டர், அவங்க எடை குறையறதுக்கு மூலிகை மாத்திரை சாப்பிடுறாங்க. நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, டாக்டர் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார்.

டப்பா பையில்தான் இருந்தது, பட்டன்களுக்கு நடுவில். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"மூலிகைன்னு போட்டிருக்கு. என்ன மூலிகை, எவ்வளவு, ஒண்ணும் போடல. நீங்க டெய்லர்தானே? அளவு தெரியாம துணிய வெட்டுவீங்களா?"

"மாட்டேங்க."

"இதனாலதான் ஆச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது. இன்னையோட நிறுத்துங்க. தண்ணி குடிங்க, ஒழுங்கா சாப்பிடுங்க. மூணு வாரம் கழிச்சு ரத்தம் எடுத்துப் பாப்போம். சரியாச்சுன்னா மறுபடி ஆரம்பிப்போம்."

"ஆகலைன்னா?"

"தம்பிக்கு வேற ஆள் தேடணும்மா."

வேறு ஆள் யாரும் இல்லை என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். காவிரிப் பாலம் வந்ததும் என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"நீ எப்ப நிறுத்தின?"

"பத்து நாள்லயே."

"ஏன்?"

"ஒத்துக்கல."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவர் திட்டவில்லை. ஸ்டாப்பில் இறங்கி எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

நான்கு நாள் நான் அந்த ஸ்டூலில் உட்காரவில்லை. கடையைத் தாண்டி நேரே படியேறினேன். கீழே மெஷின் ஓடும் சத்தம் கேட்கும், நின்றுவிடும், மறுபடி ஓடும். ஐந்தாம் நாள் சாயங்காலம் கீழிருந்து குரல் வந்தது.

"மேல இருந்து என்ன பண்ற? எறங்கி வா. இந்தச் சீட்டப் படிச்சுச் சொல்லு."

ஆணியிலிருந்து பஃப் கை இறங்கியிருந்தது. அக்குள் வளைவுக்காக வெட்டியதில் தாளின் பாதி போயிருந்தது. காலையில் 'இரண்டு இட்' வரைக்கும் தெரிந்தது. மதியம் முழுசாகத் தப்பித்திருந்தது. சாயங்காலச் சிற்றுண்டி மொத்தமும் வெட்டுத் துணியோடு குப்பைக்குப் போயிருந்தது.

"சாயங்காலம் ஒண்ணும் போடலையே" என்றேன்.

"நல்லதாப் போச்சு. ஒண்ணும் இல்லன்னு வெச்சுக்குவோம்."

மறுநாள் நானே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஆலோசகரிடம் புதுத் தாள் வாங்கிவந்தேன். சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல் உண்டு என்று தெரிந்து அக்கா ரொம்பச் சந்தோஷப்பட்டார். பழைய தாளை ஏன் வெட்டினீர்கள் என்று அந்தப் பெண் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று. புதுத் தாளை லேமினேட் செய்து கொடுத்தார்.

இதற்கப்புறம் நான் பார்த்தது வேறு மனுஷி. சாப்பாட்டுத் தட்டை எடுத்து, துணியில் கோடு போடும் நீலச் சாக்கால் நடுவே ஒரு கோடு, ஒரு பாதியில் குறுக்கே இன்னொரு கோடு போடுவார். இந்தப் பக்கம் காய், அங்கே சோறு, இங்கே பருப்பு. தட்டைக் கழுவினால் கோடு போய்விடும். மறுவேளைக்கு மறுபடி போடுவார். சோறு கோட்டைத் தாண்டினால் ஸ்பூனால் தள்ளி உள்ளே கொண்டுவந்து, "கால் இன்ச் வெளிய வந்துடுச்சு" என்பார். காய் பக்கம் மட்டும் தாண்டலாம். வாழைத்தண்டு, முட்டைக்கோஸ், கீரை என்று மதியம் பன்னிரண்டு மணிக்குக் கடையில் மணக்கும். பசியும் திரும்பி வந்துவிட்டது. "பசிக்கறது எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா" என்று ஒருநாள் சொன்னார்.

சட்டமும் மாறிவிட்டது. "வாய்க்குள்ள போற எல்லாமே இனிமே சேர்த்தி" என்று அறிவித்தார். மாமி பொட்டலத்தோடு வந்தால் வேண்டாம் என்று சொல்வதில்லை. இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மீதியை என் பக்கம் நீட்டுவார். "பிரசாதத்த வேணாம்னு சொல்லக் கூடாதும்மா." பிரியாணியும் அப்படியே, கேக்கும் அப்படியே. அக்கா குறைந்த அந்த மாதங்களில் நான் மூன்று கிலோ கூடினேன். சித்தி பெண் கல்யாணத்துக்குப் புதுச் சுடிதார் தைத்தார். அளவெடுக்கும்போது நான் வயிற்றை எக்கவே இல்லை, எக்கி மறைக்கக்கூடிய நிலைமையை எல்லாம் தாண்டியிருந்தேன்.

காலை ஐந்தரைக்கு நடை. உத்திர வீதி நாலும் சுற்றி வருவோம். கோலம் போடுபவர்கள் எல்லாரும் அவர் வாடிக்கை. "என்ன அக்கா, நம்ம ப்ளவுஸ் ரெடியா?" என்று வாசலுக்கு வாசல் கேட்பார்கள். அக்கா நிற்காமலே, "வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை" என்று சொல்லிக்கொண்டே போவார். எல்லாருக்கும் ஒரே வெள்ளிக்கிழமைதான்.

மூன்று வாரத்துக்குப் பிறகு இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அக்கா ஆஸ்பத்திரி நடைவழியில் உட்காரவே இல்லை. பாதி தேறியிருக்கிறது, இன்னும் பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். அடுத்த மாசம் முழுக்கத் தேறிவிட்டது. அன்று அவர் கொஞ்சம் அழுதார். நான் அவரைவிட அதிகம் அழுதேன், எனக்கு அழுவதற்குக் காரணம் அதிகம்.

ஆனால் மாத்திரையில் போன ஐந்து கிலோவில் மூன்று, தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்துவிட்டிருந்தது. எண்பதிலிருந்து மறுபடி இறங்க வேண்டும். ஒரு மாசம் இரண்டு கிலோ, அடுத்த மாசம் ஒன்றரை, ஒரு மாசம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாத மாசத்தில் தம்பிக்கு மூச்சுத்திணறல் வந்து நள்ளிரவில் சேர்த்தார்கள். அக்கா என்னிடம் வந்து, "அந்த மாத்திர இன்னும் ரெண்டு போட்டா என்னம்மா ஆகும்?" என்று கேட்டார். கேட்டவரே தலையை ஆட்டிக்கொண்டு, தட்டை எடுத்துச் சாக்கால் கோடு போட்டார். சோற்றுப் பக்கத்துக் கோட்டை அரை இன்ச் உள்ளே தள்ளிப் போட்டார்.

கடைசியாக எடை பார்த்த நாள் ஆவணி மாசம். மெஷின் எழுபத்திரண்டு புள்ளி ஆறு காட்டியது. அக்கா இறங்கி, செருப்பைக் கழற்றி, வளையலைக் கழற்றி, முந்தானையிலிருந்த ஐந்தாறு ஊக்குகளைக் கழற்றி, கழுத்தில் மாலை மாதிரி கிடந்த டேப்பையும் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினார். புள்ளி நாலு.

"தலமுடிய வெட்டிக்கிட்டு வந்துடட்டுங்களா டாக்டர்? நெறைய முடி எனக்கு."

"ஏறாதீங்கம்மா இனிமே. எறங்குங்க" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஓர் அதிகாரிகள் குழு தானம் கொடுப்பவரைக் கூப்பிட்டு விசாரிக்கும். யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டார்களாம். "ஆமாங்க" என்று அக்கா சொன்னாராம். பக்கத்தில் நின்ற கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. யார் என்று கேட்டதற்கு, "மாடி வீட்டுப் பொண்ணு. தெனம் அஞ்சரைக்குக் கதவத் தட்டுது, கீரை தின்னுங்குது" என்றாராம். இதை அவரே என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒருவேளை எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று அவர் தெரிவித்த விதம் அதுதானோ என்று பிறகு தோன்றியது.

ஆபரேஷன் ஆன இரண்டாவது மாதம் எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. அப்போது அக்கா இன்னும் கடை திறக்கவில்லை. தம்பியைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்துதான் பார்க்க விட்டார்கள், எலும்பும் தோலுமாக இருந்தான். பிழைப்பானா என்று யாரிடமும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. போனில் பேசும்போது அக்கா, "இருக்கான், இருக்கான்" என்று மட்டும் சொல்வார். அதைக் கேட்டு நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

அடுத்த வருஷம் ஆடி மாதம் ஸ்ரீரங்கம் போயிருந்தேன். கடை திறந்திருந்தது. அக்கா மெஷினில் குனிந்து உட்கார்ந்திருந்தார். பழையபடி கன்னம் உருண்டிருந்தது, ஆனால் ரொம்ப இல்லை. என்னைப் பார்த்ததும் காலால் ஸ்டூலைத் தள்ளிவிட்டார். அவர் மடியில் சாம்பல் நிறப் பேன்ட் ஒன்று கிடந்தது. லேடீஸ் டெய்லர் கடையில் பேன்ட்டா என்று பார்த்தேன். பின்பக்க இடுப்புத் தையலைப் பிளேடால் ஒவ்வொரு கண்ணியாக அறுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"யாருதுக்கா?"

"அவனோடதுதான். மறுபடி லேத்துக்குப் போறான், மூணு மாசமாச்சு. இடுப்பு பட்டன் போட முடியலையாம். டாக்டர் வேற குண்டாகறன்னு திட்றாராம்." பேன்ட்டைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். இரண்டு பக்கமும் துணியை இழுத்துப் பார்த்தார். "போன மாசம்தான் ஒரு இன்ச் பிரிச்சு விட்டேன். இப்ப இன்னும் ரெண்டு கேக்கறான். உள்ள துணியே இல்லம்மா, வேற துணி வெச்சு ஒட்டுப் போடணும்."

சலித்துக்கொள்வது போலத்தான் சொன்னார். ஆனால் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊசியில் நூலைக் கோர்த்துவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.